பிலோமினா மேடம் கேட்ட கையெழுத்து

பிலோமினா மேடம் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர், என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் திருடியவர். செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஏழுமலை என்று பெயர் வந்தது. "சார், மேடம் பூட்டாங்க சார்" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். வாய் நிறைய நுரை. அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிறகு, "வண்டி எடுத்துனு வரேன், கீய வந்து நில்லு சார்" என்றார். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் காலடிப்பேட்டையிலிருந்து ராயபுரம் போனேன்.

இந்த வடசென்னைப் பக்கத்தில் கோர்ட்டு வாசலை மிதித்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மேடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மிதிக்காத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். அவர் அரசாங்கத்தில் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட ஒருவரை ஜெயிலுக்கு அனுப்புவதா, ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதா என்று மாஜிஸ்திரேட் யோசிக்கும்போது, அந்த ஆளைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை. வீட்டுக்கு அனுப்பினால், பத்திரத்தின் காலம் முடிகிறவரை அவரை விடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள். அவரிடம் இரண்டு தமிழ் இருந்தது. மாஜிஸ்திரேட் முன்னால் நின்றால் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார். கோர்ட்டுப் படியை இறங்கியதும் "இன்னா சார், பசிக்கிது, எதுனா துன்னலாமா" என்பார். துன்னலாமா என்றால் ஜிலேபி. சர்க்கரை நோய் என்று டாக்டர் தடுத்திருந்தார். கணவர் கிறிஸ்டோபர், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், வீட்டில் கொடி காட்டித் தடுத்திருந்தார். அதனால் மேடம் வெளியில் சாப்பிடுகிற ஜிலேபிக்கெல்லாம் 'கள ஆய்வு' என்று பெயர் வைத்திருந்தார். அவருடன் பல கள ஆய்வுகளுக்கு நான் போயிருக்கிறேன். கிறிஸ்டோபர் அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். இனிமேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் பழக்கம் மோட்டாரில் தொடங்கியது. ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்து குழாயைத் திறந்தால் காற்று வந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையின் பூட்டு உடைந்திருந்தது. மோட்டார் இல்லை. எடுத்துப் போன விதத்தில் ஒரு குறை. மோட்டாருக்குள் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது. அது சைக்கிளில் கொண்டுபோன வழியெல்லாம் சொட்டி, எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் "இன்னாடா சைக்கிள் ஒண்ணுக்குப் போவுது" என்று கேட்கும்படி ஆகியிருக்கிறது. அவர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு போலீஸ் காயலான் கடைகளில் விசாரித்தது. மறுநாளே ஏழுமலை பிடிபட்டார். லாரிப் பட்டறையில் வேலை போய், குடி பிடித்து, அதுவரை எந்த வழக்கிலும் பெயர் இல்லாத முப்பத்தைந்து வயது மனிதர்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நானும் என் மனைவியும் நாலு நாள் குடத்தோடு அலைந்தோம் என்பதுதான். இந்தப் பத்திரிகையில் வாராவாரம் என் நகைச்சுவைப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த வாரம் அதில் நகைச்சுவை இல்லை. 'கையை எடு' என்று தலைப்பு. வெளிநாடுகளில் திருடினால் என்ன செய்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்து, தண்டனை போதாததால்தான் திருட்டு பெருகுகிறது என்று முழங்கி, வீடு புகுந்து திருடுபவனுக்கு ஐந்து ஆண்டு சிறை என்று உடனே சட்டம் கொண்டுவர வேண்டும் என முடித்திருந்தேன். என் வாழ்நாளில் எந்தப் பத்திக்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை. கசாப்புக்கடைக்காரர் ஒருவர் கால் கிலோ ஈரல் இலவசமாகக் கொடுத்தார்.

ஏழுமலை குற்றத்தை ஒப்புக்கொண்டார். மாஜிஸ்திரேட் அறிக்கை கேட்டார். அதற்காகத்தான் மேடம் ஒரு பிற்பகல் என் வீட்டுக்கு வந்தார். குட்டையான உருவம், கறுப்புக் கைப்பை, வியர்வையில் நனைந்த ரவிக்கை. பைக்குள்ளிருந்து என் பத்தியை வெட்டி வைத்திருந்த தாளை எடுத்தார். நான் பேனாவைத் தேடினேன். கையெழுத்து கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லா எழுதிருக்கீங்க சார். ஒரு சந்தேகம். இப்ப சட்டத்துல எவ்ளோ இருக்குது?"

"எது எவ்வளவு?"

"வீடு பூந்து திருடினா தண்டனை."

நான் யோசித்தேன். "ஆறு மாதம்?" என்றேன். மேடம் என் மனைவியைப் பார்த்தார். மனைவி "ஒரு வருஷம் இருக்குமா?" என்றார்.

"ஏழு வருஷம் வரைக்கும் குடுக்கலாம் சார். நீங்க அஞ்சு கேட்டிருக்கீங்க. ரெண்டு வருஷம் தள்ளுபடி. நேத்து ஜெயில்ல ஏழுமலைகிட்ட படிச்சுக் காட்டினேன். சார் ரொம்ப நல்லவர் மாதிரி கீதேன்னான்."

என் மனைவி சமையலறைக்குப் போய்ச் சிரித்தார். சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

மேடம் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க படிச்சவரு, பேப்பர்ல எழுதறவரு, உங்களுக்கே தெரியல. அவனுக்கு எப்படி சார் தெரியும்? திருடப் போறவன் சட்டப் புத்தகத்தப் பாத்துட்டா போறான். தெருவப் பாத்துட்டுப் போறான். யாரும் பாக்கலைன்னா பூந்துடுவான். ஏழு வருஷத்த எழுவது வருஷமா மாத்தினாலும் அவன் அன்னிக்கு உங்க தெருவத்தான் பாத்திருப்பான்."

அப்படியானால் தண்டனையே வேண்டாமா என்று கேட்டேன். தோற்கிறவன் கேட்கிற கேள்வி அது. "யார் சொன்னது? கொலைகாரனை எல்லாம் நான் வீட்டுக்கு அனுப்பச் சொல்லல. பிடிக்கணும், கேஸ் முடியணும், தப்புன்னு அவன் காதுல விழணும். எத்தினி வருஷம்ங்கறதுதான் உங்களுக்கும் எனக்கும் சண்டை" என்றார். சண்டை போட வந்தவர் மாதிரியே இல்லை. இன்னொரு டீ கேட்டார். சர்க்கரை போடலாமா என்று என் மனைவி கேட்டதற்கு, "கிறிஸ்டோபருக்குத் தெரியுமா உங்கள?" என்று விசாரித்துவிட்டு, தெரியாது என்றதும் இரண்டு ஸ்பூன் என்றார்.

அடுத்த நாள் என்னை ஏழுமலையின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதற்குப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. மேடம் 'வாங்க' என்றால் போய்விடுவோம், அவ்வளவுதான். அறிக்கை எழுதுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அக்கம்பக்கத்தில் இவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லாரும் பொய் சொல்வார்கள் என்பார். தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்பவர்கள், மளிகைக்கடை, டிபன் கடை என்று ஒவ்வொரு இடமாக நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்: "ஒரு நாள் அவன் வூட்டுக்கு வரலைன்னா யாரு தேடுவாங்க?" தேடுவதற்கு ஆள் இருந்தால் அவனை வெளியில் விடலாம், கண்காணிக்கலாம் என்பது அவர் கணக்கு.

ஏழுமலையைத் தேட ஆள் இல்லை. டிபன் கடைக்காரம்மா, "தேடறதுக்கு இன்னா கீது, அவன் வந்தாத்தான் பேஜாரு" என்றார். மனைவி கஸ்தூரி கைக்குழந்தையோடு எண்ணூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். அங்கேயும் போனோம். கஸ்தூரி வாசலுக்கு வந்து, உள்ளே இருக்கும் அப்பாவுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அவரு உள்ள போயிட்டா எங்கப்பா என்ன வுட மாட்டாரு மேடம். ஜெயிலுக்குப் போனவன்கூட வாழ்க்கை இல்லன்னு முடிச்சிடுவாரு. வெளிய வந்தாருன்னா நான் போயிடுவேன். நான் போனேன்னா அவரு குடிக்க மாட்டாரு. என்ன அடிச்சதில்ல மேடம். மோட்டாரு எடுத்தது தப்புதான்." பிறகு என்னைப் பார்த்து, "சார் யாரு, உங்க ஆபீஸா?" என்றார்.

"மோட்டார்" என்றார் மேடம்.

கஸ்தூரி உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து எனக்குப் போட்டார். அதில் நான் உட்கார்ந்த மாதிரி எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. பின்புறம் பாதிதான் அதில் இருந்தது.

திரும்பும்போது பேருந்தில் மேடம் விஷயத்துக்கு வந்தார். பத்திரத்துக்கு நிலையான முகவரி உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். பட்டறை முதலாளி மறுத்துவிட்டார். மாமனார் கதவைத் திறக்கவில்லை. ஜாமீன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் ஜெயிலுக்குத்தான் அனுப்புவார். "விசாரணைக்கு வெச்சிருந்த மூணு வாரத்துல உள்ள மூணு பேரு அவனுக்கு வேலை தரேன்னு சொல்லிருக்கானுங்க சார். இன்னா வேலைன்னு உங்களுக்கே தெரியும். வெளிய ஒருத்தனும் தரல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உங்க வீட்டு முகவரி நிலையானதுதானே?" என்று கேட்டார்.

நான் நடத்துநரைக் கூப்பிட்டு இறங்கிவிடலாமா என்று யோசித்தேன்.

என் மனைவியிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார், அதைக் காரணம் காட்டி மறுத்துவிடலாம் என்பது என் திட்டம். அவர் வெகுநேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு நாற்காலி போட்டாளே" என்றார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "புகார் கொடுத்தவரும் ஜாமீன் கொடுப்பவரும் ஒரே பெயராக இருக்கிறதே?" என்றார். "ஒரே நபர்தான், அம்மா" என்று வானொலிக் குரலில் சொன்னார் மேடம். மாஜிஸ்திரேட் என்னை நேராகப் பார்த்தார். "யாராவது உங்களை மிரட்டினார்களா?" நான் பிலோமினா மேடத்தைப் பார்த்தேன். அவர் கைப்பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இல்லை" என்றேன். கோர்ட்டில் நான் சொன்ன ஒரே பொய் அது.

ஒரு வருடப் பத்திரம். ஏழுமலை பிசகினால் என்னையும் கூப்பிடுவார்கள். அந்த வாரப் பத்தியில் கொசுவைப் பற்றி எழுதினேன். 'கையை எடு' என்று எழுதியவன் அதே கையால் திருடனுக்குக் கையெழுத்துப் போட்டதை வாசகர்களிடம் இத்தனை வருடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். ஈரல் கொடுத்தவர் மன்னிக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து எங்கள் அடுத்த தெருவில் ஒரு மோட்டார் காணாமல் போனது. மேடத்துக்குப் போன் செய்யவில்லை. ஆட்டோ பிடித்து நேராகப் பட்டறைக்குப் போனேன். மேடம் பேசிப் பேசி அதே முதலாளியே ஏழுமலையைத் திரும்பச் சேர்த்திருந்தார். ஒரு கன்டெய்னர் லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. யாருடைய கால் என்று தெரியாமல் குனிந்து பார்த்தேன். கால்கள் வெளியே வந்தன, பிறகு கிரீஸ் பூசிய முகம் வந்தது.

"இன்னா சார், யார் வூட்டு மோட்டாரு?"

நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொன்னேன். கன்டெய்னர் லாரிகளும் மண் புழுதியும் தவிர அந்தப் பக்கத்தில் எதுவும் கிடையாது. ஏழுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலீல ஆறு மணிலேர்ந்து இங்கதான் கீறேன். மொதலாளிய கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி லாரிக்கு அடியில் போய்விட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

மேடத்திடம் சொன்னேன், திட்டுவார் என்று எதிர்பார்த்து. அவர் ஜிலேபியின் ஒரு சுற்றைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"போய்ப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். அசிங்கமாகப் போய்விட்டது."

"என் டிபார்ட்மென்ட்டு மொத்தமும் அதுதான் சார். போய்ப் பாக்கறது. அசிங்கம் எல்லாம் சம்பளத்துல சேந்தது. உங்களுக்குச் சம்பளம் இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்."

ஒரு மாதம் கழித்து ஏழுமலை தானாகவே வந்து என் வீட்டுப் புது மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பேரிங் போயிருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "சந்தேகத்துக்காச்சும் வந்தியே சார்" என்றார். நான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.

இதை மட்டும் எழுதி முடித்தால் மேடத்துக்குப் பிடிக்காது. பாதியை மறைக்கிறீர்கள் என்பார். அவர் கணக்கு தப்பிய ஒரு நாளும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். காதில் பெரிய கட்டோடு ஓர் அம்மாள் வாசலுக்கு வந்தார். காசிமேட்டில் மீன் விற்கும் அஞ்சலை. மேடத்தின் அறிக்கையை நம்பி விடப்பட்ட ஒருவன் அவர் கம்மலைப் பிடித்து இழுத்ததில் காது மடல் கிழிந்துவிட்டது.

"நீ எழுதிக் குடுத்ததாலதானே அவன் வெளிய கீறான். உன் காதா இருந்தா எழுதுவியா? சொல்லு. உன் பொண்ணு காதா இருந்தா எழுதுவியா?" தெரு முழுக்கக் கேட்டது. மேடம் நின்றுகொண்டே இருந்தார். அஞ்சலை களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்ததும், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டு ஈரமாகியிருந்தது. அப்படியே கையைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவனுடைய பத்திரத்தை ரத்துசெய்யச் சொல்லிக் கோர்ட்டுக்கு எழுதினார். அவன் உள்ளே போனான்.

அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். ரொம்ப நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தவன் அல்லவா. "அவன் முதலிலேயே ஜெயிலில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா மேடம்?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்திருக்கும்.

"நடந்திருக்காது" என்றார். "உள்ள இருந்திருந்தா அன்னிக்கு அவன் வெளிய இருந்திருக்க மாட்டான். அந்தம்மா சொன்னது சரி. நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். அஞ்சலைய வரச் சொல்லட்டா? காதக் காட்டுவாங்க, பாத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் ஜெயிக்க நான் ஆசைப்பட்டதில்லை.

அன்று கிளம்பும்போது அவரே பேசினார். "அவன் ரெண்டு வருஷத்துல வெளிய வருவான். எத்தினி வருஷம் வெச்சாலும் ஒரு நாள் வருவான். வந்த அன்னிக்கு அஞ்சலை தெரு வழியாத்தான் போவணும். அதுக்கு யாரு எதுனா யோசிச்சிருக்காங்களான்னு கேளுங்க. நானும்தான் யோசிக்கல." அவன் வெளியே வந்த காலையில் ஜெயில் வாசலில் போய் நின்றது மேடம் மட்டும்தான். அவன் என்ன ஆனான் என்று நான் கேட்டபோதெல்லாம் "பாத்துனு கீறேன்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். அஞ்சலையைப் பார்க்க மாதம் ஒருமுறை போவார். அஞ்சலை அவரை மன்னிக்கவில்லை. ஆனால் நல்ல வஞ்சிரமாக எடுத்துக் கொடுப்பார், எடையில் குறைக்காமல். மன்னிக்காமலேயே ஒருவரோடு அப்படிப் பழக முடியும் என்று நான் பார்த்தது அங்கேதான்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. கால் வீங்கி, படி இறங்க முடியாமல் போனது. ஒருமுறை ஜிலேபியை மறைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "கள ஆய்வு முடிஞ்சிச்சு சார்" என்று திருப்பிக் கொடுத்தார். வெளியில் வந்து அதை நானே சாப்பிட்டேன். துக்கத்திலும் நான் சாப்பிடக்கூடியவன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது குளிர்பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டோபர் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜிலேபி எனக்குத் தெரியும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு எதிரில், சுவரோரமாக, இருபது முப்பது பேர் தனியாக நின்றிருந்தார்கள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. ஒருவர் கழுத்தில் இன்னும் துறைமுக அடையாள அட்டை தொங்கியது. ஏழுமலை நேராகப் போய் அவர்களோடு நின்றார். நானும் போய் நின்றேன்.

என் பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒரு பெரியவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நீ இன்னா கேஸு நைனா?"

நான் எழுத்தாளர், புகார்தாரர், ஜாமீன்தாரர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் கேஸு" என்றேன்.

"பத்திரம் எவ்ளோ நாளு?"

"ஒரு வருஷம். முடிஞ்சு நாலு வருஷம் ஆகிறது."

"முடிஞ்சும் வந்துகினு இருந்தியா?"

"இருந்தேன்."

"நானும்தான்" என்றார். "எனக்கு முடிஞ்சி பதினோரு வருசம்." பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்து, என் நம்பரைக் கேட்டு, ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அழுத்தினார். சுவரோரம் நின்ற மற்றவர்களும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எல்லாரும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார்கள். பெரியவர் என்ன கேஸ் என்று நான் கேட்கவில்லை.

மேடம் எனக்கென்று விட்டுப்போனது அந்த நம்பர்கள்தான். பதினேழு இருக்கின்றன. சிலவற்றுக்குப் பெயர் தெரியாது. 'சுவர் 1', 'சுவர் 2' என்று பதிந்துவைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் நேற்றுக் காலை கூப்பிட்டார். "இன்னா, நாலு நாளா சத்தத்தியே காணோம்" என்றார். உடம்பு சரியில்லை, காய்ச்சல் என்றேன். மாத்திரை போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். போடவில்லை. "சாயங்காலமா வந்து பாக்கறேன்" என்றார்.

வந்தார்.